நோயுற்ற கவிஞனும் பசித்த நாடும்

(பலாபத்வலையில் கூடிய கலை இலக்கிய அவையில் ஆற்றப்பட்ட உரை)



உடற்பிணியும் இயற்கையின் சீற்றமும் கலைஞனுடைய படைப்பை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதே இன்று நமக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். இதனைப் பேசுதற்குப் பலாபத்வல தகுந்த இடமே. நமக்குத் தெற்கே, இதே பெருஞ்சாலையில், அலுவிகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் போரும் பெரும் பஞ்சமும் நாட்டை வாட்டியபோது, வாய்மொழியாகக் காக்கப்பட்டு வந்த திரிபிடகத்தைத் துறவிகள் ஏட்டில் பொறித்த இடம் அதுவே என்பது மரபு. ஓதுவோர் மாண்டால் ஓதப்படுவதும் மாளும் என்ற அச்சமே அவர்கள் கையில் எழுத்தாணியைக் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக நம் மக்கள் வந்ததும் இவ்வடக்கு வழியேதான். வாந்திபேதிக்கு இரையாகி வழியிலே வீழ்ந்தோர் பலர். அவர்தம் பெயரை எழுதி வைத்தவர் யார்?

பெயரும் நாளும் தெரிந்த ஒரு சாட்சியை வங்கத்திலிருந்து அழைப்போம். 1926இல் பிறந்த கவிஞர் சுகாந்த பட்டாச்சாரியா அவர். 1942 அக்டோபரில் மேதினிப்பூர்க் கரையைப் புயல் தாக்கியது. நெற்பயிரை நோய் தின்றது. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. இவை போதாவென்று, பகைவன் கையில் சிக்கலாகாது என்று கூறி, வெள்ளை அரசு கரையோர மக்களின் படகுகளையும் பறித்தது. 1943இல் பஞ்சம் மூண்டது. மாண்டவர் ஏறத்தாழ 15 இலட்சம் என்றது 1945ஆம் ஆண்டு விசாரணைக் குழு. 30 இலட்சம் வரை என்பர் பின்னாளைய ஆய்வாளர். புயல் இயற்கையின் செயல். பஞ்சமோ ஆட்சியின் செயல்!

அப்பஞ்சத்தில் நிவாரணப் பணி செய்த இளைஞர் சுகாந்தர், 1944இல் பஞ்சம் எனப் பொருள்படும் 'ஆகால்' என்னும் கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்தார். பின்னர் காசநோய் அவரைப் பற்றியது. 1947 மே 13ஆம் நாள், ஜாதவ்பூர்க் காசநோய் மருத்துவமனையில், இருபதே வயதில் மறைந்தார். இந்திய விடுதலைக்கு மூன்று மாதமே இருந்தது. அவருடைய முதற் கவிதைத் தொகுதி அவர் கண்மூடிய பின்னரே வெளிவந்தது.

அவர் பாடுபொருள்களைப் பாருங்கள்: தீக்குச்சி, படிக்கட்டு, தபால் சுமந்தோடும் ஓட்டக்காரன், மாளிகைக்குள் நுழைய ஏங்கி இறுதியில் உணவாகவே உள்ளே சென்ற சேவல். யாவும் பிறர் பயன்படுத்தித் தேய்த்துத் தீர்ப்பவை! பசித்தோர் வரிசையை நேரிற் கண்டவர் அவர்; தம் உடலும் தேயக் கண்டவர் அவர். நாட்டின் நலிவும் மேனியின் நலிவும் அவர் பாட்டில் ஒரே வழக்காயின.

நோய்தான் அவரைக் கவிஞராக்கியது என்பாரும் உளர். அதனை நாம் ஏற்கோம். கொலையாளிக்குக் கொடையாளி என்று பட்டம் சூட்டுவதா? நோய் அவருக்கு விரைவைத் தந்திருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுக் கவிதையை நம்மிடமிருந்து பறித்தது. காசத்தை வெல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே கண்டறியப்பட்டது. எளியவன் வாசலை அது எட்டுவதற்கோ ஆண்டுகள் பல சென்றன.

தோழர்களே, 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மாத்தளை உள்ளிட்ட மலைநாட்டைப் பிளந்ததை நாம் அறிவோம். மண் சரிந்தது, வீடு புதைந்தது, உயிர்கள் போயின. அதைப் பாடப் போகிறவன் இன்று ஏதோ ஒரு லயத்தில் இருமிக்கொண்டு படுத்திருக்கலாம். இறந்தபின் மாலையிட நாம் விரைவோம். இருக்கும்போது மருந்துக்கு வழி செய்தோமா?

ஆகவே கேட்கிறோம்: மருத்துவர்களே, அவனைத் தேடிச் செல்லுங்கள். ஆசிரியர்களே, அவன் ஏட்டைக் காத்து வையுங்கள். உழவர்களே, உங்கள் மண் சரிந்த நாளையும் மாண்டவர் பெயரையும் அவனுக்குச் சொல்லுங்கள். சாட்சி உயிரோடிருந்தால்தான் வழக்கு நிற்கும்.