சிறு தொழிலும் துண்டறிக்கையும்

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் துண்டறிக்கையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தது. அரசுப் பணிக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தது. ஆயினும், படித்த அனைவர்க்கும் அரசுப் பணி கிட்டுவதில்லை என்பதை நாம் அறிவோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நம் இளைஞர்கள் தையற்கடை வைத்திருக்கிறார்கள்; இருசக்கர வண்டி பழுது பார்க்கிறார்கள்; மின்வேலை, குழாய் வேலை செய்கிறார்கள்; லேத்துப் பட்டறை நடத்துகிறார்கள். நம் சகோதரிகள் சிற்றுண்டி செய்து விற்கிறார்கள். மாலையில் பாடம் சொல்லித் தருகிறார்கள். கையில் தொழில் இருக்கிறது. வேலையில் நேர்த்தியும் இருக்கிறது. ஆனால், அத்தொழில் நடப்பது அடுத்த தெருவுக்குத் தெரிவதில்லை. கற்ற எழுத்து விண்ணப்பம் எழுதுவதற்கு மட்டுந்தானா? நம் தொழிலை நம் பெயரால், நம் முகவரியோடு, ஊருக்கு அறிவிக்கவும் அவ்வெழுத்து பயன்பட வேண்டும். இதுவே நாம் இன்று சொல்ல வந்தது.

அறிவித்தல் என்னும் வேலை நமக்குப் புதிதன்று. பல தலைமுறைகளாக ஊருக்குச் செய்தி சொன்னவர்கள் நம் முன்னோர்களே. வரி கட்டும் நாளையும் திருவிழா நாளையும் அதிகாரியின் ஆணையையும் பறையடித்துத் தெருத்தெருவாகக் கூவினார்கள். கூவியவர் நம்மவர், செய்தி மட்டும் பிறருடையது. தண்டோரா போடும் அம்முறை இனித் தேவையில்லை, ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டு மாதத்தில்தான்.

நம் செய்தியை நாமே சொல்ல வேண்டும் என்று முன்பே உணர்ந்த பெரியோர்கள் அச்சு எழுத்தைக் கையில் எடுத்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்கள். பிறர் இழிவாக உச்சரித்த பெயரையே இதழின் தலையில் அச்சிட்டுத் தெருவிலே விற்ற துணிவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சித்த மருத்துவராக விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். ஏழையும் வாங்கிப் படிக்கும் விலை அந்தப் பெயரிலேயே இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1920இல் பம்பாயில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, கட்டணம் தருகிறோம் என்று சொல்லியும் அதன் விளம்பரத்தை வெளியிடக் ‘கேசரி’ இதழ் மறுத்துவிட்டது. காசு கொடுத்தாலும் பிறர் ஏட்டில் இடம் கிடைக்காத காலம் அது. ஆதலால், சொந்தத் தாளில் சொந்தச் செய்தியை அச்சிட்டுக் கொடுப்பதைச் சிறிய செயல் என்று எவரும் கருத வேண்டா.

இனி, நம் பகுதியை நோக்குவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கிற்று. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. அக்காலத்தில் ஒரு தெருவில் இருந்தவர் பெரும்பாலும் ஒரே ஆலைக்குச் சென்றனர். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தனர். இன்ன வீட்டில் இன்ன வேலை நடக்கிறது என்பது வாய்மொழியாகவே பரவியது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. ஏரிக்கரை வரை அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறியிருக்கின்றனர். பக்கத்து வீட்டாரையே அறியாதவர்கள் வாழும் ஊரில் வாய்மொழி வெகுதூரம் செல்லாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் துண்டறிக்கை வேண்டும்.

அதில் என்ன எழுத வேண்டும்? ‘தரமான சேவை, நியாயமான விலை’ என்று பலர் எழுதுகிறார்கள். எல்லாக் கடைக்காரரும் அதையே எழுதுவதால் அதனைப் படிப்பவர் எதையும் அறிவதில்லை. ‘பள்ளிச் சீருடை, அளவெடுத்த மூன்றாம் நாள் தைத்துத் தரப்படும், பழைய துணி திருத்தித் தரப்படும், காலை 9 முதல் இரவு 9 வரை’ என்று எழுதினால், படிக்கும் தாய்க்கு உடனே பயன் விளங்கும். என்ன வேலை, என்ன கூலி, எந்த நேரம், எந்த இடம், யாரைக் கேட்பது, எந்த எண்ணில் அழைப்பது என்னும் ஆறும் இருந்தால் போதும். வழி தெரிய ஒரு பேருந்து நிறுத்தத்தையோ பள்ளியையோ குறிப்பிடலாம். வடநாட்டுத் தொழிலாளர் தங்கும் இடத்தில் கொடுப்பதாயின், இந்தியில் இரண்டு வரி சேர்ப்பதில் தவறில்லை. வாடிக்கையாளருக்குப் புரிவதே நோக்கம்.

செய்ய இயலாததை எழுதலாகாது. பொய் விளம்பரத்தை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, தெருவில் பெயர் கெட்டால் அதைத் திருத்த எந்த அச்சகத்தாலும் இயலாது. மூன்று நாள் என்று அச்சிட்டவன் மூன்றாம் நாள் கொடுத்தே ஆக வேண்டும். அறிக்கை ஒருவரை ஒரு முறைதான் அழைத்து வரும். மறுமுறை அழைத்து வருவது வேலையின் நேர்த்தியே.

அச்சுச் செலவைப் பற்றியும் சிறிது அறிந்திருத்தல் நலம். ஓர் ஏ4 தாளை நடுவில் வெட்டினால் 148 மில்லிமீட்டர் அகலமும் 210 மில்லிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு துண்டுகள் கிடைக்கும். சிறு தொழிலுக்கு அந்த அளவே தாராளம். ஆப்செட் அச்சில் தகடு செய்யும் செலவு நூறு படிக்கும் ஒன்றுதான், ஆயிரம் படிக்கும் ஒன்றுதான். ஆதலால், எண்ணிக்கை ஏற ஏற ஒரு படியின் அடக்கம் குறையும். நூறு, இருநூறு மட்டும் போதுமென்றால் ஜெராக்ஸ் எடுப்பதே சிக்கனம். முதலில் இருநூறு எடுத்து இரண்டு தெருவில் கொடுத்துப் பார்த்து, சொற்களைத் திருத்திய பிறகு ஆயிரம் அச்சிடுவது அறிவுடைமை.

எங்கே, எப்பொழுது கொடுப்பது? சீருடை தைப்பவர் பள்ளி திறப்பதற்கு முன் மே மாதத்தில் கொடுக்க வேண்டும். புத்தாடைக்குத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் பழுது பார்ப்பவருக்கு மார்ச்சு மாதமே பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடுத்த தாள் சேற்றில்தான் கிடக்கும். விடியற்காலையில் செய்தித்தாள் முகவர்கள் தாள்களைப் பிரித்து அடுக்கும்போது, கூலி பெற்றுக்கொண்டு நம் அறிக்கையையும் உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். செய்தித்தாள் வாங்கும் வீடுகளுக்கு இது நல்ல வழி. வாங்காத வீடுகளுக்கு நேரே சென்று, இரண்டு சொல் பேசிக் கையில் கொடுப்பதே வழி. சுவரிலும் கம்பத்திலும் ஒட்டுவதைத் தவிர்க்க வேண்டும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உள்ளது. இரயில் நிலைய எல்லைக்குள் உரிமமின்றி வியாபாரத்துக்கு ஆள் அழைப்பதும் இரயில்வே சட்டப்படி குற்றமே. நிலையத்திற்கு வெளியே, நடைபாதையை மறிக்காமல் நின்று கொடுக்கலாம். அதே அறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் நன்று. ஆயினும், நேரில் கொடுக்கும்போது பெறுபவர் நம் முகத்தையும் காண்கிறார். அந்த அறிமுகம் படத்தில் வருவதில்லை.

கணக்குப் பார்த்தல் இன்றியமையாதது. அறிக்கையின் மூலையில் தெருவுக்கு ஓர் எழுத்தாக அ, ஆ, இ என்று குறியிடுங்கள். தாளைக் கொண்டு வருபவருக்குக் கூலியில் சிறு தள்ளுபடி கொடுத்தால் தாள் திரும்பி வரும். எந்தத் தெருவில் பயன் கிடைத்தது என்பது தெரியும். 1,000 அறிக்கைக்குப் பத்துப் பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். அச்சுச் செலவையும் கொடுத்த கூலியையும் கூட்டிப் பத்தால் வகுத்தால், ஒரு வாடிக்கையாளரைப் பெற ஆன செலவு கிடைக்கும். அவர் ஆண்டுக்கு எத்தனை முறை வருவார், ஒரு முறைக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று அதனோடு ஒப்பிட்டால், மறுபடி அச்சிடலாமா வேண்டாவா என்பது விளங்கிவிடும்.

பட்டறை நடத்துவோர்க்கு அறிக்கை வேறு வகையாக அமைதல் வேண்டும். எந்த எந்திரம் உள்ளது, எந்த அளவு வரை கடைய முடியும், மாதத்தில் எத்தனை உருப்படி தர முடியும் என்பதை ஒரே பக்கத்தில் அச்சிட்டு, நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில் நேரில் கொடுக்க வேண்டும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் பெறுவதை இலக்காகக் கொள்ள வேண்டும் என்று ஆணை உள்ளது. ஆணை இருப்பது போதாது. நம் பட்டறை இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். முதலீட்டுக்கு 1974இல் தொடங்கிய தாட்கோ உள்ளது. 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது. கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதும்போது விளம்பரச் செலவுக்கென்றும் ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

இப்பொழுது, எல்லோர் மனத்திலும் உள்ள கேள்விக்கு வருவோம். அறிக்கையில் நம் தெருவின் பெயரை முழுமையாக அச்சிடலாமா? காலனி என்றோ அம்பேத்கர் நகர் என்றோ படித்தால், வர இருந்தவர் வராமல் போவாரே என்று நம் இளைஞர்கள் அஞ்சுகிறார்கள். கைப்பேசி எண்ணை மட்டும் போட்டு, முகவரியை விட்டுவிடுகிறார்கள். இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அண்ணல் அம்பேத்கரே 1917இல் நாடு திரும்பிய பின் பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவர் இன்ன சாதியினர் என்று அறிந்ததும் வாடிக்கையாளர் வருகை நின்றது. தொழிலையும் நிறுத்த நேர்ந்தது. கொலம்பியாவில் கற்றவர்க்கே அந்நிலை. பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதையும் அச்சுறுத்துவதையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியுள்ளது. ஆனால், ஒருவர் ஒன்றும் பேசாமல் நம் கடையைக் கடந்து அடுத்த கடைக்குப் போவதை எந்தச் சட்டமும் தடுக்க இயலாது.

ஆயினும், முகவரியை அச்சிடுங்கள் என்றே நாம் சொல்லுகிறோம். முகவரி இல்லாத அறிக்கையை எவரும் நம்புவதில்லை; பழுதானால் எங்கே தேடுவது என்னும் ஐயம் எழும். மறைத்து வைத்த முகவரி ஒரு நாள் தெரியத்தான் செய்யும். அன்று, சாதியோடு பொய்யையும் சேர்த்து நம் மேல் சுமத்துவார்கள். தெருப் பெயர் கண்டு விலகுபவர் வாசல் வரை வந்தும் விலகுவார். பெயரைப் படித்துவிட்டும் வருபவர் நிலைத்து நிற்பார். இழக்கும் வாடிக்கையாளரையும் கணக்கில் வைத்து, அதற்கேற்பக் கூடுதலான தெருக்களுக்குக் கொடுங்கள். சாதியை விளம்பரப் பொருளாக்கச் சொல்லவில்லை. குடியிருக்கும் இடத்தை ஒளிக்க வேண்டா என்கிறோம். அண்ணலின் பெயரைத் தெருவுக்குச் சூட்டிவிட்டு, அறிக்கையில் அப்பெயரை விட்டுவிட்டால், நம் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? ஆயிரம் தாளில் அச்சான தெருப் பெயர், நல்ல வேலையோடு சேர்ந்து ஆயிரம் வீட்டுக்குச் செல்லும்போது, அப்பெயரின் மதிப்பும் சிறிது சிறிதாக மாறும்.

இதில் சங்கத்திற்கும் கடமை உண்டு. தமிழ் நன்கு எழுதத் தெரிந்த மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிறன்று சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, தொழில் செய்வோரின் அறிக்கைகளை எழுதிக் கொடுக்கட்டும். பிழை திருத்தித் தரட்டும். நான்கைந்து தொழிலினர் சேர்ந்து ஒரே தாளில் அச்சிட்டால் செலவு பங்காகும். படித்தவர்க்கும் தொழில் செய்பவர்க்கும் உறவு வளரும்.

இளைஞர்களே, உங்கள் பெயரையும் தொழிலையும் தெருவையும் பிழையில்லாமல் எழுதி, தலை நிமிர்ந்து பிறர் கையில் கொடுங்கள். அந்தத் தாளில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!