இளைப்பாறுதலும் நுகமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் கோட்டூர்புரத்தில் நிகழ்த்திய உரை)

   

கிறித்தவம் கூறும் இளைப்பாறுதல் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். உழைத்துச் சோர்ந்தோரையும் சுமை தாங்கி நலிந்தோரையும் இயேசு பெருமான் தம்மிடம் அழைக்கும் பகுதி மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவ்வழைப்பைப் பலரும் அறிவர்; அதனையடுத்து வரும் சொல்லை நின்று எண்ணுவோர் சிலரே. இளைப்பாறுதல் தருவதாக வாக்களித்தவர், உடனே தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளுமாறும் கூறுகிறார். ஓய்வு தேடி வந்த எருதின் கழுத்தில் நுகத்தடியை வைப்பதா? இது முரண் அன்றோ என்று தோன்றும். இம்முரணைத் தம் வாழ்விலும் காப்பியத்திலும் எதிர்கொண்டவர் ஒரு தமிழ்ப் புலவர். அவர்தாம் எச். ஏ. கிருட்டிணபிள்ளை.

நாம் கூடியிருக்கும் கோட்டூர்புரத்திற்கு அண்மையில்தான் மயிலாப்பூர் உள்ளது. அங்குள்ள தூய தோமா ஆலயத்தில் 1858ஆம் ஆண்டு அவர் திருமுழுக்குப் பெற்றார். நெல்லைச் சீமையின் கரையிருப்பில், 1827இல், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையாரிடமிருந்து கம்பனைக் கேட்டு வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். முப்பது வயதைக் கடந்த நிலையில், பிறந்த மரபைவிட்டு வேறொரு நெறியில் அடியெடுத்து வைப்பது எளிய செயலன்று. உற்றார் உறவினரின் முகத்தை நோக்கியாக வேண்டும். தம் உள்ளத்திற்கும் விடை சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கையா, முயற்சியா என்னும் வினா அவருக்குப் புதியதன்று. வைணவ ஆசாரியர்கள் அதனை ஆழமாக ஆராய்ந்துள்ளனர். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையார் உவமை கூறுவர். தாயால் கவ்வி எடுத்துச் செல்லப்படும் பூனைக் குட்டியைத் தென்கலையார் கூறுவர். கிறித்தவத்திலும் இவ்விரு குரல்கள் உண்டு. நம்பிக்கையினாலேயே மீட்பு என்று அழுத்திச் சொல்வது பவுலடியாரின் குரல். செயலற்ற நம்பிக்கை உயிரற்றது என்று எச்சரிப்பது யாக்கோபின் குரல்.

கிருட்டிணபிள்ளை தம் காப்பியமாகிய இரட்சணிய யாத்திரிகத்திற்கு முதனூலாகக் கொண்டது, ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூல். பனியன் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தவர். இனி உரையாற்றேன் என்று உறுதியளித்திருந்தால் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். அவ்வாறு உறுதியளிக்க அவர் மனம் இசையவில்லை.

அவருடைய கதையில், முதுகில் பெருஞ்சுமையுடன் புறப்படும் பயணி சிலுவையின் முன் வந்து நிற்கிறான். நிமிர்ந்து நோக்குகிறான். சுமை தானே கழன்று உருண்டு போகிறது. அவன் அவிழ்க்கவில்லை, அவிழ்க்க அவனால் இயலவுமில்லை. நம்பிக்கை தரும் இளைப்பாறுதல் இதுவே. ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதை அன்பர்கள் கருத வேண்டும். பயணத்தின் பெரும்பகுதி அதன் பின்னரே வருகிறது. சுமை போயிற்று, வழி எஞ்சியிருக்கிறது.

அவ்வழியில் ஒரு செங்குத்தான மலை. அதன் நடுவே, களைத்தோர் தங்குவதற்கென்று மலைக்குரியவர் அமைத்த ஒரு கொடிவீடு. பயணி அதில் அமர்கிறான், அயர்ந்து உறங்கிவிடுகிறான். தனக்கு அளிக்கப்பட்ட ஓலைச்சுருள் கைநழுவிப் போகிறது. பின்னர் அழுதுகொண்டே திரும்பி வந்து அதனைத் தேடுகிறான். இளைப்பாறுதல் வேறு, உறக்கம் வேறு என்பதை இதனினும் தெளிவாக எவரும் காட்டியதாக நான் அறியேன்.

மற்றோர் இடம். கரடுமுரடான வழியை வெறுத்து, அருகிலுள்ள மென்மையான புல்வெளிப் பாதையில் அவனும் தோழனும் இறங்குகின்றனர். அது ஐயக் கோட்டையின் இருட்டறையில் கொண்டு சேர்க்கிறது. வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததைப் பின்னரே அவன் நினைக்கிறான். கீழ்ப்படியாமை அவனைச் சிறையிட்டது. நம்பிக்கை கதவைத் திறந்தது. திறந்தபின் அவன் மீண்டும் பழைய கடினமான வழிக்கே வந்து சேர்கிறான்.

இப்போது நுகத்திற்கு வருவோம். நுகம் இரு மாடுகளுக்கு உரியது. பழகாத காளையைப் பழகிய எருதுடன் பூட்டுவது நம் உழவர் வழக்கம். வழியறிந்தது முன்னிழுக்க, அறியாதது அதனோடு ஒத்து நடக்கக் கற்கிறது. கீழ்ப்படிதல் என்பதை நான் இவ்வாறே பொருள் கொள்கிறேன். தனியே இழுக்கும் தவிப்பு நீங்குவதே அங்கே இளைப்பாறுதல்.

கிருட்டிணபிள்ளையின் வாழ்வும் இதற்குச் சான்று. திருமுழுக்குக்கும் காப்பியம் நூலுருப் பெற்ற 1894க்கும் இடையே 36 ஆண்டுகள். 3,600க்கும் மேற்பட்ட செய்யுட்களில், ஐந்து பருவங்களாக அதனை யாத்தார். அமைதி பெற்றவர் சும்மா இருக்கவில்லை. கம்பனையும் அவர் கைவிடவில்லை. விருத்தத்தின் ஓசையைப் புதிய நெறிக்குத் தம்முடன் கொண்டு சென்றார். 'கிறித்தவக் கம்பர்' என்று தமிழுலகம் அவரைப் போற்றியது. அந்நூலின் தேவாரப் பாடல்கள் சில இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் ஒலிக்கின்றன.

கவிஞர்களே, யாப்பு என்ற சொல்லுக்கே கட்டு என்பதுதான் பொருள். அக்கட்டுக்கு மனமுவந்து இசைந்தவன் அதனைச் சுமையென உணர்வதில்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். சமயம் எதுவாயினும், புகழுக்காகவும் பிறர் மதிப்புக்காகவும் ஓடி ஓடிக் களைக்கும் நம் போன்றோர், எந்தச் சுமையை இறக்கி வைக்க வேண்டும், எந்த நுகத்தை ஏற்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதற்கு இப்புலவரின் காப்பியம் துணைசெய்யும். அதனை ஒருமுறை முழுமையாகப் படிக்குமாறு வேண்டுகிறேன்.