மணி வடிவ வளைகோடும் மாலை வகுப்பும்



வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் வாழ்த்துரைகள் பல கேட்டோம். இனிச் சிறிது நேரம் கணக்குப் பேசுவோம். 'உங்களுக்குக் கணக்கு வராது' என்னும் சொல் நம் பிள்ளைகளின் செவியில் காலங்காலமாக விழுந்து வருகிறது. அச்சொல்லைக் கணக்கைக் கொண்டே எடைபோட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் பேரின் உயரத்தை அளந்தால் பெரும்பாலோர் சராசரியை ஒட்டியே இருப்பர். மிக நெட்டையரும் மிகக் குட்டையரும் சிலரே. இதனைப் படமாக வரைந்தால் கவிழ்த்து வைத்த மணி போன்ற வளைகோடு தோன்றும். இதுவே இயல்நிலைப் பரவல். இதனை 1733-இல் முதன்முதலில் கணித்துக் காட்டியவர் டி மாவர். சமயக் கொடுமையால் பிரான்சு நாட்டை விட்டு வெளியேறி, இலண்டனில் பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிட்டாமல், வீடுவீடாகச் சென்று பாடம் கற்பித்துப் பிழைத்தவர் அவர். ஒதுக்கப்பட்டவரின் அறிவு உலகிற்கு ஒளி தந்தது என்பதற்கு அவரும் ஒரு சான்று.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு தேர்வை 1000 பேர் எழுதினர். மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமைந்தன. சராசரி 50, திட்டவிலக்கம் 10 எனக் கொள்வோம். 65-க்கு மேல் பெற்றவர் எத்தனை பேர்?

முதலில் 65-லிருந்து சராசரியைக் கழிக்க வேண்டும், 15 கிடைக்கும். அதனைத் திட்டவிலக்கமாகிய 10-ஆல் வகுத்தால் 1.5. அட்டவணையில் 1.5-க்கு நேரே, நடுக்கோட்டிலிருந்து அதுவரையுள்ள பரப்பு 0.4332 என்றிருக்கும். வலப்பாதியின் முழுப் பரப்பு 0.5. எஞ்சுவது 0.0668. ஆகவே ஏறத்தாழ 67 பேர். படம் வரைந்து, வேண்டிய பகுதியை நிழலிட்டுக்கொண்டால் கூட்டுவதா கழிப்பதா என்னும் ஐயம் எழாது.

இப்பொழுது அந்த 1000 பேருக்கும் மாலை வகுப்பு நடத்திச் சராசரியை 55 ஆக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். திட்டவிலக்கம் மாறவில்லை. 65-லிருந்து 55 போக 10. பத்தால் வகுத்தால் 1. அதற்குரிய பரப்பு 0.3413, எஞ்சுவது 0.1587. அதாவது ஏறத்தாழ 159 பேர்! சராசரி உயர்ந்தது ஐந்தே மதிப்பெண். எல்லையைத் தாண்டியவரோ இருமடங்கிற்கும் மேல்.

சங்க உறுப்பினர்களே! இக்கணக்கு நமக்குக் கூறுவது யாது? முதல் மாணவர் ஒருவருக்குப் பரிசளிப்பது நன்று. ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் ஐந்து மதிப்பெண் உயர்த்துவது அதனினும் பெரும்பயன் தரும். நம் நிதியில் பெரும்பகுதி பரிசுக் கோப்பைக்கன்று, விளக்கிற்கும் நூலுக்கும் மாலை வகுப்பு ஆசிரியருக்கும் செல்லட்டும்.

இளைஞர்களே, ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1869-இல் கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், பிறவி அறிவு பற்றிய தம் நூலில் இதே விதியைக் கையாண்டு மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கினார். ஆப்பிரிக்க மக்களைக் கீழ்ப்படியில் வைத்தார். இவ்வளைகோடு அளவுகள் எவ்வாறு பரவியுள்ளன என்று காட்டுமேயன்றி, ஏன் அவ்வாறுள்ளன என்று கூறாது. உணவும் நூலும் ஓய்வும் மறுக்கப்பட்டவரின் மதிப்பெண்ணைக் காட்டிப் பிறப்பின்மேல் பழி போடுவது கணக்காகாது. அன்றியும், எல்லாப் பொருளுக்கும் இவ்வளைகோடு பொருந்தாது. வருமானமும் நிலவுடைமையும் மணி வடிவில் அமைவதில்லை. சிலரிடம் மிகுதியாகக் குவிந்து, பலரிடம் குறைந்தே காணப்படும்.

எனவே எவரேனும் சராசரி ஒன்றைக் காட்டி நம்மை அளக்க முற்பட்டால், அஞ்சாது வினவுவோம்: யாரை அளந்தீர்? எந்நிலையில் அளந்தீர்? அந்நிலையை மாற்றிய பின் மீண்டும் அளப்பீரா? இவ்வினாக்களை எழுப்பும் ஆற்றலே கல்வியின் பயன். அட்டவணையை அச்சமின்றிக் கையில் எடுங்கள். கழிக்கவும் வகுக்கவும் அறிந்தவர் எவரும் இக்கணக்கைச் செய்யலாம். சராசரியை உயர்த்தும் பணியில் நாம் அனைவரும் கைகோத்து நிற்போம்.