பிள்ளைகளின் கை யாருக்காக உழைக்கிறது?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கையால் வேலை செய்து கற்க வேண்டும், ஊருக்குத் தொண்டும் செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. "நாற்று நட்டு நட்டு என் முதுகு ஒடிந்தது போதாதா? என் மகளும் மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கூடம் அனுப்பினேன்?" என்று தாய் கேட்கிறாள். "எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்று அறுந்த இழையை ஒட்டிக் கொண்டிருக்கிறேன். என் மகனாவது உட்கார்ந்து எழுதட்டும்" என்று தகப்பன் சொல்கிறார்.

இந்தக் கோபம் நியாயமானது. அது வெறும் பிடிவாதம் அல்ல. பட்ட அனுபவத்திலிருந்து வந்தது.

1953-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி ராஜாஜி. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு அவர் ஒரு புதிய திட்டம் கொண்டு வந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம்; மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். அதாவது செருப்புத் தைப்பவர் பிள்ளை தோல் அறுக்கும். துணி வெளுப்பவர் பிள்ளை துறைக்குப் போகும். பண்ணையாள் பிள்ளை மாடு மேய்க்கும். மிராசுதார் பிள்ளை? அவன் தகப்பனுடைய தொழில் மேற்பார்வை. அவன் அதைப் பழகுவான்! மக்கள் இந்தச் சூட்சுமத்தைப் புரிந்து கொண்டார்கள். குலக் கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். ராஜ்யமெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜ் முதல் மந்திரியானார், திட்டம் கைவிடப்பட்டது.

அது பழைய கதை என்று சொல்லலாமா? இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது என்ன? ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை விடுதியில் அடைத்தார்கள். "அப்ரண்டீஸ்" என்றார்கள். தொழில் தெரிந்த தொழிலாளி செய்யும் வேலையைக் குறைந்த கூலிக்கு வாங்கினார்கள். மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசை காட்டினார்கள். நோயுற்று நடுவில் வீடு திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொகையும் கிடைக்கவில்லை. பயிற்சி என்பது பெயர். மலிவான உழைப்பு என்பது பொருள்.

ஆகவே தோழர்களே, "பயிற்சி" என்றும் "தொண்டு" என்றும் யாராவது சொன்னால் உழைப்பாளி சந்தேகப்படுவதில் தவறு இல்லை. ஆனால் சந்தேகத்தோடு நின்று விடலாமா? பிள்ளை கையால் எதையும் தொடவே வேண்டாம், புத்தகத்தை மனப்பாடம் செய்தால் போதும் என்று முடிவு கட்டலாமா? கூடாது. கை வேலை இழிவு, உட்கார்ந்து எழுதுவதுதான் உயர்வு என்பது நம்முடைய கருத்து அல்ல. நம் உழைப்பைத் தின்று வாழ்ந்தவர்கள் நம் தலையில் ஏற்றிய கருத்து அது.

கையும் மூளையும் சேர்ந்து கற்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு தேசத்தின் அனுபவத்தைச் சொல்கிறோம். அது கியூபா.

கியூபா சின்னத் தீவு. அந்நாளில் கரும்புதான் அங்கே பிரதானப் பயிராக இருந்தது. கரும்பு வெட்டும் மாதங்களில் கூலி கிடைத்தது. வெட்டு முடிந்தால் மாதக் கணக்கில் வேலை இருக்கவில்லை. அந்தக் காலத்துக்கு அங்குள்ள ஜனங்கள் வைத்த பெயர் "செத்த காலம்". நம் தஞ்சைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1953-இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே நூற்றுக்கு 23 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்; கிராமங்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 40-க்கும் மேல்.

1959 ஜனவரியில் பாடிஸ்டாவின் சர்வாதிகாரம் வீழ்ந்தது. 1960 செப்டம்பரில் பிடல் காஸ்ட்ரோ ஐக்கிய நாடுகள் சபையில் எழுந்து, வரும் ஆண்டுக்குள் எழுத்தறியாமையை ஒழிப்போம் என்று அறிவித்தார். மலையிலும் காட்டிலும் சிதறிக் கிடக்கும் குடிசைகளுக்குப் போய் யார் சொல்லிக் கொடுப்பது? ஆசிரியர்கள் மட்டும் போதாது. அப்போதுதான் பள்ளிப் பிள்ளைகளை அழைத்தார்கள்.

1961 ஏப்ரலில் பள்ளிகளை மூடினார்கள். சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் முன் வந்தார்கள். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். பெற்றோர் எழுத்து மூலம் சம்மதம் தந்தால்தான் சேர்த்துக் கொண்டார்கள். பணக்காரர்கள் உல்லாசமாகத் தங்கிய வரதேரோ கடற்கரையில் அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார்கள். ஆளுக்கு ஒரு சீருடை, பூட்ஸ், கட்டித் தூங்க ஒரு தொங்கு தொட்டில், போர்வை, பாடப் புத்தகம், எண்ணெய் ஊற்றி எரிக்கும் ஒரு விளக்கு. இதுதான் அவர்கள் கொண்டு போன சொத்து.

விளக்கு எதற்கு? கிராமங்களில் மின்சாரம் இல்லை. அது மட்டுமல்ல, பகலில் குடியானவனுக்கு வேலை. ஆகவே பகலில் பட்டணத்துப் பிள்ளைகளும் அவனோடு வயலில் இறங்கினார்கள். இரவில் விளக்கேற்றி உட்கார்ந்தார்கள். நிலம், கூட்டுறவு, மீனவர் வாழ்வு என்று அவன் வாழ்க்கையிலிருந்தே பாடங்கள் அமைந்திருந்தன. கரும்பு எப்படி வெட்டுவது, ஏர் எப்படிப் பிடிப்பது என்று குடியானவன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான். எழுத்தை எப்படிக் கூட்டுவது என்று பிள்ளை குடியானவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. யார் குரு, யார் சிஷ்யன்? இருவரும் இரண்டும்தான்!

மில் தோழர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு சுமார் 13,000 ஆலைத் தொழிலாளர்களும் கற்பிப்பதற்காகக் கிராமங்களுக்குப் போனார்கள். ஆலையில் அவர்கள் வேலையைச் சக தொழிலாளர்கள் பகிர்ந்து செய்தார்கள். போனவர்களுக்குச் சம்பளம் நிற்கவில்லை.

இது பூ விரித்த பாதை அல்ல. அந்த ஆண்டு ஜனவரியில் கொன்ராடோ பெனிடெஸ் என்ற 18 வயது ஆசிரியரை எதிரிகள் கொன்றார்கள். மாணவர் படைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஏப்ரலில் கூலிப் படை கடல் வழியே வந்து இறங்கியது. மூன்று நாளுக்குள் முறியடிக்கப்பட்டது. நவம்பரில் மனுவேல் அஸ்குன்சே என்ற 16 வயது மாணவனையும், அவனிடம் பாடம் கற்ற குடியானவரையும் சேர்த்துக் கொன்றார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுத்ததுதான் அவன் செய்த குற்றம்.

முடிவு என்ன? 1961 டிசம்பர் 22 அன்று ஹவானாவில் பிள்ளைகள் பெரிய பெரிய பென்சில்களைத் தோளில் சாத்தி அணி வகுத்தார்கள். 7 லட்சத்துக்கு அதிகமானோர் எழுதப் படிக்கக் கற்றிருந்தார்கள். எழுத்தறியாதவர் தொகை நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. கற்று முடித்தவர்கள் கடைசித் தேர்வாகப் பிடலுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் முன்பு ராணுவ முகாமாக இருந்த இடத்தில் அமைந்த காட்சிச்சாலையில் காக்கப்படுகின்றன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பிடல் தந்த பதில்: படியுங்கள் என்பதுதான்.

தோழர்களே, இந்தப் பதிலைக் கவனியுங்கள். தொண்டு படிப்பின் இடத்தைப் பிடித்துக் கொள்ளவில்லை. தொண்டு முடிந்ததும் பிள்ளை மறுபடியும் பள்ளிக்குத் திரும்பியது.

நல்லதைச் சொன்னது போல் மற்றதையும் சொல்ல வேண்டும். 1966 முதல் அங்கே உயர்நிலை மாணவர்கள் ஆண்டுக்குச் சில வாரம் வயல் வேலைக்குப் போவது வழக்கமாயிற்று. 1970-களில் வயல்களுக்கு நடுவே விடுதிப் பள்ளிகள் கட்டினார்கள். பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் வேலை. ஆனால் செலவு ஏறிக் கொண்டே போயிற்று. பிள்ளைகள் வீட்டை விட்டுப் பிரிந்திருப்பதில் பெற்றோருக்கும் குறை இருந்தது. 2009-ஐ ஒட்டி அந்த விடுதிப் பள்ளிகளை மூடத் தொடங்கினார்கள். 1961-இல் ஊரின் அவசரத் தேவைக்காக மனம் உவந்து போனார்கள். பிறகு அது அட்டவணை வேலையாயிற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கும் பாடம்.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1989-90-இல் கேரளத்தின் எர்ணாகுளம் ஜில்லாவில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கற்பித்தார்கள். நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் ஜில்லா என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல் உடைக்கும் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அங்கும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் விளக்கைப் பிடித்தவர்கள்.

அப்படியானால் நம் பிள்ளைகள் எதைக் கையால் கற்க வேண்டும்? எங்கோ தேடிப் போக வேண்டியதில்லை. நம் உழைப்பிலேயே பாடம் இருக்கிறது.

ஏரியில் மண் வெட்டுகிறோம். குழி 10 அடி நீளம், 10 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். கணக்கு 150 கன அடி. அளக்க வந்தவர் ஆழத்தை ஒரு அடி என்று எழுதினால் 100 கன அடிதான். மூன்றில் ஒரு பங்கு உழைப்பு காகிதத்தில் காணாமல் போகிறது! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு நாடாவைப் பிடித்து அளந்தால் கன அளவும் கற்கும். ஊரின் கூலியும் நிற்கும்.

மில்லில் 40-ஆம் நம்பர் நூல் என்கிறோம். ஒரு பவுண்டு நூலில் 40 சிட்டம், சிட்டத்துக்கு 840 கெஜம். ஆக ஒரு பவுண்டில் 33,600 கெஜம். இந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லித் தரத் தகுதியான வாத்தியார் யார்? ரிங் பிரேமில் நிற்கும் அதன் தாயும் தகப்பனும்தான். வயலில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பதைக் கயிறு பிடித்து அளந்து காட்டத் தகுதியானவர் நடவு நட்ட தாய்தான். அன்றைக்கு அந்தப் பிள்ளை தன் தாயைப் புதிய கண்ணால் பார்க்கும். தாயின் சம்பளச் சீட்டில் என்ன பிடித்திருக்கிறார்கள் என்பதைப் படித்துச் சொல்லும். கைநாட்டு வைக்கும் பாட்டிக்குப் பெயர் எழுதச் சொல்லித் தரும்.

ஆகவே "வேண்டாம்" என்று கதவைச் சாத்தாதீர்கள். "சரி" என்று கண்ணை மூடிக் கொண்டும் தலையாட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தில் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எல்லாப் பிள்ளைகளும் செய்கிறார்களா? மேல் தெருப் பிள்ளை பெயர் எழுதுவதும் சேரிப் பிள்ளை கக்கூஸ் கழுவுவதும் தொண்டு அல்ல. அது பழைய கொடுமைக்குப் புதிய சட்டை.

இரண்டு: பிள்ளை இதில் என்ன கற்கிறது? நூறு முறை குப்பை பெருக்கினால் நூறு முறை பெருக்கியதுதான் மிச்சம். ஏன், எப்படி என்று விளக்க ஆசிரியர் உடன் இருக்க வேண்டும்.

மூன்று: பலன் யாருக்கு? ஊருக்கு என்றால் போகட்டும். காண்டிராக்டருக்கும் முதலாளிக்கும் என்றால் அது கூலி வேலை. கூலி வேலைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

நான்கு: பாட நேரம் குறைகிறதா? பத்திரமாகப் போய்த் திரும்பி வர ஏற்பாடு இருக்கிறதா? குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு? நம் சம்மதத்தைக் கேட்டார்களா?

இந்த நான்குக்கும் சரியான பதில் வந்தால் பிள்ளையைத் தைரியமாக அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தனியாளாகச் சண்டை போடாதீர்கள். பெற்றோர் பத்துப் பேராகச் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பாருங்கள். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் இருந்தாலும் போங்கள். நடவு முடிந்து சேறு உலராத காலோடு போக நேர்ந்தாலும் கூசாமல் போங்கள். அந்தப் பள்ளிக்கூடம் நம் வரிப் பணத்தில் நடப்பது.

நம் பிள்ளைகள் நம் தொழிலிலேயே அடைபட்டுக் கிடக்க வேண்டாம். ஆனால் நம் உழைப்பைப் பார்த்து வெட்கப்படும் பிள்ளைகளாகவும் அவர்கள் வளர வேண்டாம். உழைக்கத் தெரிந்த கையும், கணக்குக் கேட்கத் தெரிந்த மூளையும் ஒரே பிள்ளையிடம் இருக்கட்டும். அந்தப் பிள்ளையை எந்த அளவுகோலாலும் யாரும் ஏமாற்ற முடியாது!