இரு கண்ணும் ஒரு காட்சியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமக்குக் கண்கள் இரண்டு. காணும் உலகமோ ஒன்று. வலக்கண் காண்பதும் இடக்கண் காண்பதும் சிறிது வேறுபட்டவை. அவ்விரண்டையும் மூளை இணைத்துப் பொருள்களின் அண்மை சேய்மையை உணர்த்துகிறது. ஆங்கில அறிஞர் வீட்ஸ்டன் 1838ஆம் ஆண்டிலேயே இதனை மெய்ப்பித்தார்.

இரு கண்களுக்கும் முரண்பட்ட காட்சிகளைக் காட்டினால் என்ன நேரும்? இல்லம் சென்றதும் செய்து பாருங்கள். ஒரு கண்ணின் முன் சிவப்புக் கண்ணாடித்தாளையும் மற்றொன்றின் முன் பச்சைத்தாளையும் பிடித்து, வெள்ளைச் சுவரை நோக்குங்கள். சுவர் சிறிது நேரம் சிவக்கும், பின்னர்ப் பசுமையாகும், சிலவேளை இரண்டும் திட்டுத்திட்டாகத் தோன்றும். சுவரும் மாறவில்லை, தாளும் மாறவில்லை. மாறுவது மூளையின் தெரிவே.

அவ்வாறாயின், தோற்ற கண்ணின் செய்தி அடியோடு வீணாகிறதா? இவ்வினாவை ஆராய்ந்தவருள் ஒருவர் நம் தமிழகத்து மாணவர் என்பது நாம் மகிழத்தக்கது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், தோழர் ஒருவருடன் 1972இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்ணத்தாள்களால் இரு கண்களும் பூசலிடும்போதும், புள்ளிகளால் அமைந்த படத்தில் ஆழம் புலப்படுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். நிறத்தில் பூசல் நடக்கும்போதே, ஆழம் காண்பதில் இரு கண்களும் ஒத்துழைக்கின்றன!

இப்பூசல் மூளையில் எங்கே தீர்கிறது? லோகோதெட்டிஸும் அவர்தம் தோழர்களும் குரங்குகளின் மூளையை ஆராய்ந்தனர். கண்ணின் செய்தி முதலில் சேரும் பின்மூளைப் புறணியில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு நரம்பணுவே குரங்கு கண்டதாகத் தெரிவித்த காட்சிக்கேற்ப இயங்கியது. உருவங்களை அறியும் உயர்நிலைப் பகுதியிலோ, பத்தில் ஏறத்தாழ ஒன்பது அவ்வாறு இயங்கின. இது 1997இல் வெளிவந்தது. மறு ஆண்டு, ஒரு கண்ணுக்கு முகத்தையும் மறு கண்ணுக்கு வீட்டையும் காட்டி, மனிதரிடமும் வேறு அறிஞர்கள் ஆராய்ந்தனர். முகம் தோன்றியபோது முகமறியும் பகுதியும், வீடு தோன்றியபோது இடமறியும் பகுதியும் கிளர்ந்தெழுந்தன. ஆகவே, பார்ப்பது கண், காண்பது மூளை.

இதனால் நமக்கு என்ன பயன் என்று தாய்மார்கள் கேட்கலாம். பயன் பெரிது. மாறுகண் உள்ள குழந்தையின் கண்கள் வெவ்வேறு திசையை நோக்குவதால், மூளைக்கு முரண்பட்ட காட்சிகள் சேர்கின்றன. இரட்டைத் தோற்றத்தைத் தவிர்க்க, இளமூளை ஒரு கண்ணின் செய்தியைத் தொடர்ந்து ஒதுக்கிவிடக்கூடும். நம் சுவரில் நொடிக்கு நொடி மாறிய தீர்ப்பு, அங்கே நிலைத்த தீர்ப்பாகிவிடுகிறது. கண் பழுதில்லாதிருந்தும் பார்வை மங்குகிறது.

"மாறுகண் அதிர்ஷ்டம்" என்று சொல்லி வாளாவிருத்தல் தகாது. ஏழெட்டு வயதுக்குள் கண் மருத்துவரை நாடினால், கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணை நாளும் சிறிது நேரம் மூடிவைத்தும், ஒதுக்கப்பட்ட கண்ணைப் பெரும்பாலும் மீட்கலாம். வயது ஏற ஏற அவ்வாய்ப்புக் குறையும். நம் நகரிலேயே மின்டோ கண் மருத்துவமனை இருக்கிறது. குழந்தையின் ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அது சிணுங்கினால், அதனை அடம் என்று எண்ணாதீர்கள். மறு கண்ணைச் சோதிக்கச் செய்யுங்கள்.

இரு கண்ணும் பெற்றுப் பிறந்த நம் மக்கள் இரு கண்ணாலும் உலகைக் காண்பாராக!