மாமனார் வீடும் பகைவர் பாளயமும்



எகிப்தில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்த மனிதன் ஒரு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறான். ஏழு பெண்கள் தண்ணீர் மொண்டு ஆடுகளுக்குத் தொட்டியை நிரப்புகிறார்கள். மேய்ப்பர்கள் வந்து அவர்களை விரட்டுகிறார்கள். ஓடிவந்தவன் எழுந்து பெண்களுக்குத் துணை நிற்கிறான். வீடு திரும்பிய மகள்களைத் தகப்பன் கடிந்துகொள்கிறான்: அந்த மனிதனைச் சாப்பிடக் கூப்பிடாமல் ஏன் விட்டுவந்தீர்கள்? அகதியாக வந்தவன் மோசே. தகப்பன், மீதியான் தேசத்து ஆசாரியன். மகள்களில் ஒருத்தியான சிப்போராள் மோசேக்கு மனைவியாகிறாள்.

இது யாத்திராகமம் 2-ஆம் அதிகாரம். எண்ணாகமம் 31-ஆம் அதிகாரத்துக்கு வந்தால், அதே மோசே மீதியானியர்மீது படை அனுப்புகிறார். ஏவி, ரேக்கேம், சூர், ஊர், ரேபா என்னும் ஐந்து ராஜாக்கள் கொல்லப்படுகிறார்கள், ஊர்கள் எரிகின்றன. உயிரோடு பிடித்துவந்த பெண்களில் பலரையும் ஆண் குழந்தைகளையும் கொல்லச் சொல்பவரும் மோசேதான். பெண்ணெடுத்த வீட்டோடு இப்படியொரு பகையா?

இக்கருத்தரங்கின் மையக் கேள்வி அதுதான். மீதியானியர் இஸ்ரவேலருக்கு அந்நியர் அல்லர். ஆதியாகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி மீதியான், ஆபிரகாம் கேத்தூராளிடம் பெற்ற மகன். வம்சக் கணக்கில் இவர்கள் பங்காளிகள். சிப்போராள் வழியில் சம்பந்திகள். இரு உறவிலும் நெருங்கியவர்களைப் பற்றிய பதிவுகளை இறுதிப் பகையின் வழியாக மட்டுமே படிப்பது பெரும் பிழை.

நல்லுறவின் உச்சத்தை யாத்திராகமம் 18 காட்டுகிறது. மருமகனைப் பார்க்க மாமனார் எத்திரோ வனாந்தரத்துக்கு வருகிறார். பலி செலுத்துபவர் அவர். ஆரோனும் இஸ்ரவேலின் மூப்பர்களும் வந்து அவரோடு உண்கிறார்கள். மறுநாள், காலைமுதல் மாலைவரை வழக்குக் கேட்டுக் களைத்துப்போகும் மருமகனைப் பார்த்து, இது சரிப்படாது என்கிறார் மாமனார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு எனத் தலைவர்களை வைக்கச் சொல்கிறார். இஸ்ரவேலின் நீதி நிர்வாகத்துக்கு வரைபடம் போட்டவர் ஒரு மீதியானியர் என்பதை அந்த ஏடு மறைக்கவில்லை. எண்ணாகமம் 10-இல் ஓபாப் என்னும் மீதியானியரிடம், பாலைவனத்தில் எங்கே பாளயமிறங்குவது என்று வழிகாட்ட வரும்படி மோசே கெஞ்சவே செய்கிறார்.

இந்தப் பக்கங்களை வைத்துத்தான் 19-ஆம் நூற்றாண்டில் ‘கேனியர் கருதுகோள்’ எழுந்தது. 1862-இல் கில்லானி தொடங்கி, கார்ல் பூடே போன்றோர் வளர்த்த வாதம் இது: இஸ்ரவேலர் தங்கள் கடவுளின் பெயரைத் தெற்கத்திப் பாலைநிலத்தாரிடமிருந்து, அதாவது மீதியானியர் அல்லது கேனியரிடமிருந்து, கற்றிருக்கலாம். எரியும் முட்செடி மோசேயின் கண்ணில் பட்டதும் எத்திரோவின் ஆடுகளை மேய்க்கும்போதுதான். சூடானின் சோலேப் என்னும் இடத்தில், மூன்றாம் அமென்ஹோத்தெப் கட்டிய கி.மு. 14-ஆம் நூற்றாண்டுக் கோயிலில், ‘ஷாசு’ என்னும் நாடோடிகளின் நிலங்களில் ஒன்றாக ‘யஹ்வ’ என்பதுபோல் ஒலிக்கும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கருதுகோளை ஆதரிப்போருக்கு அது பெரும் துணை. ஆனால் அந்தப் பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதில் வழக்கு இன்னும் முடியவில்லை.

ஏட்டிலிருந்து மண்ணுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. அகாபா வளைகுடாவுக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் திம்னா பள்ளத்தாக்கு. செம்பு தோண்டிய இடம். பெனோ ரோத்தன்பெர்க் 1969-இல் அங்கே ஒரு சிறு எகிப்தியக் கோயிலை அகழ்ந்தார். ஹாத்தோர் தேவிக்குக் கட்டியது. எகிப்தியர் போன பின் வேறு மக்கள் அதைத் தங்கள் வழிபாட்டுக்கு மாற்றிக்கொண்டதன் தடயங்கள் அங்கே இருந்தன. தேவியின் முகங்கள் சிதைக்கப்பட்டிருந்தன. சுவரோரம் கம்பு நட்ட குழிகளும், சிவப்பும் மஞ்சளுமான துணிக் குவியலும் கிடைத்தன. கோயிலின்மேல் கூடாரம் விரித்திருக்கிறார்கள் என்று ரோத்தன்பெர்க் முடிவு செய்தார். கருவறைப் பகுதியில் கிடைத்தது ஒரு செம்புப் பாம்பு: நீளம் சுமார் 12 செ.மீ., உள்ளங்கையில் அடங்கும். தலையில் மட்டும் பொன்பூச்சு. மோசே கம்பத்தில் ஏற்றிய வெண்கலச் சர்ப்பத்தையும், எருசலேமில் எசேக்கியா ராஜா உடைத்துப்போட்ட நெகுஸ்தான் என்ற வெண்கலப் பாம்பையும் நினைக்காமல் அதைப் பார்ப்பது கடினம். ஒப்புமை இருக்கிறது, ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பதற்குச் சான்று இல்லை.

அதே திம்னாவில் இரு வண்ண, மூவண்ண ஓவியம் தீட்டிய மட்பாண்டங்களும் கிடைத்தன. மண்ணைச் சோதித்தபோது, அவற்றின் ஊர் சவுதி அரேபியாவின் வடமேற்கில் தபூக்குக்கு அப்பால் உள்ள குறய்யா என்று தெரிந்தது. 1968-இல் பீட்டர் பார் குழுவினர் மேற்பரப்பாய்வு செய்த அந்த இடத்தில் மதில் சூழ்ந்த குடியிருப்பும் பாசன வயல்களும் மண்கலம் சுட்ட சூளைகளும் இருந்தன. ஒட்டகத்தில் வந்து கொள்ளையடித்துப் போகும் கூட்டம் என்று மட்டும் நியாயாதிபதிகள் புத்தகம் அறிமுகப்படுத்தும் மக்களின் நாட்டில் உழவும் குயவும் நடந்திருக்கின்றன.

அந்த ஒட்டகத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும். எண்ணாகமம் 31 கொள்ளைப் பொருளை எண்ணிச் சொல்கிறது: ஆடுகள் 6,75,000, மாடுகள் 72,000, கழுதைகள் 61,000. ஒட்டகம் ஒன்றுகூட இல்லை. நியாயாதிபதிகள் புத்தகத்தின் கிதியோன் கதையிலோ கடற்கரை மணல்போல ஒட்டகங்கள். அவற்றின் கழுத்தில் பிறைவடிவ அணிகள். திம்னா வட்டாரத்து எலும்புகளை ஆராய்ந்து லிடார் சபீர்-ஹென், எரெஸ் பென்-யோசெஃப் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே வளர்ப்பு ஒட்டகம் பரவலானது கி.மு. 10-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் என்கிறது. ஆண்கள் எல்லோரும் கொல்லப்பட்டதாக ஓர் ஏடு சொன்ன மக்கள், இன்னோர் ஏட்டில் வெட்டுக்கிளிபோல் திரண்டு ஏழு ஆண்டு நாட்டை வாட்டுகிறார்கள். கோதுமையைத் திராட்சை ஆலையில் ஒளிந்து போரடிக்கும் நிலைக்குக் கிதியோனைத் தள்ளுகிறார்கள். வெவ்வேறு காலத்து நினைவுகள் ஒரே பெயரின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. வில்லியம் டம்பிரெல் 1975-இல், மீதியான் என்பது நாடா, குலங்களின் கூட்டணியா என்று கேட்டது இன்றும் பொருத்தமான கேள்வி.

தமிழ் வாசகருக்கு இந்த மண் இரு பெயர்களில் அறிமுகம். கிறிஸ்தவ வீடுகளில் மீதியான்; முஸ்லிம் வீடுகளில் மத்யன். குர்ஆனில் மத்யனுக்கு அனுப்பப்பட்ட ஷுஐப் நபி, அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்று வணிகர்களை எச்சரிக்கிறார். கிணற்றடிக் கதையும் குர்ஆனில் உண்டு. அங்கே அந்தத் தகப்பனுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. இரு மரபையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் வசதி தமிழில் இருக்கிறது. அதை இந்த அவை பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மீதியானியர் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்தது என்று சொல்லத்தக்க ஏடு எதுவும் கைக்கு வரவில்லை. அவர்களைப் பற்றிய எழுத்தெல்லாம் அடுத்தவர் எழுதியது. ‘மீதியானிய மட்பாண்டம்’ என்று முன்பு அழைத்ததை அறிஞர்கள் இன்று ‘குறய்யா வண்ணப் பாண்டம்’ என்று மாற்றிச் சொல்வதும் இந்த எச்சரிக்கையால்தான்: பானை தன் ஊரைச் சொல்லும், வனைந்தவரின் குலத்தைச் சொல்லாது. ஆகவே கட்டுரை வாசிப்போரிடம் தலைமையின் வேண்டுகோள் ஒன்று உண்டு. ‘மீதியானியர்’ என்று சொல்லும் ஒவ்வோர் இடத்திலும், எந்த நூற்றாண்டினர், எந்த ஏட்டில் வருபவர், எந்த மண்ணில் கிடைத்த சான்று என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வு குறய்யாவின் பாண்டங்களோடு தொடங்குகிறது. எண்ணாகமம் நாளைக் காலைக்கு.