தொண்டையில் குடியிருக்கும் கிருமி



குளிர்சாதனத் துறை இன்ஜினியருக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை உள்ள பகுதிக்கு 'மெனிஞ்சைட்டிஸ் பட்டை' என்றே பெயர். டிசம்பர் முதல் ஜூன் வரை, வறண்ட புழுதிக் காற்றடிக்கும் காலத்தில் நோய் கிளம்பும். 1996-97இல் இரண்டரை லட்சம் பேருக்கு வந்து, 25,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் 'ஏ' வகைக் கிருமி.

நோயாளியை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. இந்தக் கிருமி நல்லா நடமாடுகிற மனுஷன் தொண்டையில் சும்மா குடியிருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகாது. இருமும்போது பக்கத்திலிருப்பவருக்குத் தாவும். பழைய தடுப்பூசி, போட்டுக்கொண்டவரைச் சில வருஷம் காத்தது. தொண்டையில் இருந்த கிருமியை அது அசைக்கவில்லை.

நம்ம புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த புதிய ஊசி, கிருமியின் மேலுறைச் சர்க்கரையை டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்துச் செய்தது. 2010இல் விலை அரை டாலருக்கும் கீழே இருந்தது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் 1 முதல் 29 வயது வரை ஒரு கோடிப் பேருக்கு மேல் போட்டார்கள். பிறகு சாட் நாட்டில், தலைநகரை ஒட்டிய கிராமங்களில் தொண்டைச் சளி எடுத்துப் பார்த்தார்கள். ஊசிக்கு முன் 4,278 பேரில் 32 பேரிடம் 'ஏ' வகை இருந்தது. பின்னால் 5,001 பேரில் ஒரே ஒருவர்! கடத்துகிறவர் இல்லையென்றால், ஊசி போடாத கைக்குழந்தையும் தப்பிக்கும்.

ஆனால் ஊரில் பாதிப் பேருக்குப் போட்டுவிட்டு வந்தால் இது நடக்காது. கடைசிக் குடிசை வரை போகணும். கரண்ட் இல்லாத ஊருக்கு ஐஸ் கட்டிகளை உறையவைத்துச் சுமந்து போவது லேசான காரியமா? இந்த ஊசி 40 டிகிரி வரை 4 நாள் தாங்கும் என்று சோதித்து அனுமதி வாங்கினார்கள். 2012இல் பெனின் நாட்டு பனிகோராவில் முதன்முதலாக ஐஸ் இல்லாமலே எடுத்துப் போனார்கள். சூடு 40ஐத் தாண்டினால் நிறம் மாறுகிற ஒரு அட்டை மட்டும் பெட்டிக்குள். என்னைப் போன்றவர்கள் பிழைப்பில் மண்தான், போகட்டும்!

2017க்குப் பிறகு அந்தப் பட்டையில் 'ஏ' வகை நோய் கண்டறியப்படவில்லை. 'சி', 'டபிள்யூ', 'எக்ஸ்' வகைகள் போய்விடவில்லை. 2015இல் நைஜரை உலுக்கியது 'சி'. ஐந்து வகைக்கும் சேர்த்து ஒரே ஊசியை 2024இல் நைஜீரியா முதலில் போட ஆரம்பித்தது. அதுவும் புனே சரக்குதான்.